ஐந்து லிட்டர் காற்று

இங்கிலாந்தின் வார்ஃபிடேல் ஒலிபெருக்கி ஸ்தாபனம் 2019-ஆம் ஆண்டில் லின்டன் என்னும் பெயரைத் தன் பழைய விலைப்பட்டியல்களிலிருந்து மீட்டெடுத்து, 1965-இல் அப்பெயர் தாங்கி முதன்முதலில் வெளிவந்த பெட்டியின் சாயலிலேயே, அகன்ற முகமும் மகோகனி அல்லது வால்நட் வெனீர் ஒட்டிய பக்கங்களும் துணித்திரை போர்த்த முன்புறமுமாக ஒரு புதிய பெட்டியைக் கடைகளுக்கு அனுப்பிற்று. பழைய உருவத்தில் புதிய பொருளைச் செய்து விற்பது வியாபார உலகில் ஓர் அதிசயமன்று. கைக்கடிகாரத்திலும் மோட்டார் சைக்கிளிலும் அதை நாம் நெடுங்காலமாகக் கண்டு வருகிறோம், அதற்காக விஞ்ஞான நூலில் ஓர் அத்தியாயம் ஒதுக்குவாரும் இல்லை. ஆனால் கடிகாரத்தின் முகப்பை மாற்றினால் அது காட்டும் மணி மாறுவதில்லை. ஒலிபெருக்கியிலோ பெட்டியின் அகலம், ஆழம், பலகையின் கனம், முன்புறத்துத் துணி ஆகிய ஒவ்வொன்றும் நம் செவிக்கு எட்டும் நாதத்தில் கலந்தே வருகின்றது. ஆகையால் பழைய உருவம் திரும்பி வரும்போது அதனோடு பழைய பௌதிகமும் திரும்பி வருகின்றதா, அல்லது பெயர்ப்பலகை மாத்திரந்தான் வருகின்றதா என்று விசாரிப்பது இந்நூலுக்குப் புறம்பான காரியமன்று.

அவ்விசாரணைக்கு முன்னால் பெட்டியின் தொழில் இன்னதென்று தெளிந்துகொள்ள வேண்டும். 1925-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வகுத்துக் காட்டிய அமைப்பே இன்றளவும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் ஜீவநாடியாக இருந்து வருகிறது: காந்தப் புலத்தில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய ஒரு கூம்பு, சுருளில் ஓடும் மின்சாரம் மாறுந்தோறும் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுதல். கூம்பு முன்னே நகரும் கணத்தில் முன்புறத்துக் காற்று நெருங்குகின்றது, பின்புறத்துக் காற்று தளர்கின்றது. இவ்விரண்டு அலைகளும் கூம்பின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு ஒன்றையொன்று சந்தித்தால், மந்த்ர ஸ்வரங்களில் ஏறத்தாழ முழுவதுமாகவே ஒன்றையொன்று அழித்துவிடும். பின்னலையைச் சிறைப்படுத்துவதற்காக ஏற்பட்டதே பெட்டி. சிறைப்பட்ட காற்றோ சும்மா இருப்பதில்லை; அது வில்லாகிக் கூம்பின் முதுகை எதிர்த்துத் தள்ளுகின்றது. பெட்டி சிறிதாகச் சிறிதாக அந்த வில் விறைத்துப் போவதால், தாழ்ந்த ஸ்வரங்களுக்கு வேண்டிய பேரசைவு கூம்புக்கு வாய்ப்பதில்லை. அந்த அசைவும் அற்பமானதன்று. ஒரே உரப்பைக் காக்க வேண்டுமானால், ஸ்தாயி ஒன்று இறங்குந்தோறும் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைந்தாக வேண்டும்; 200 ஹெர்ட்ஸிலிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அது 16 மடங்காகிவிடும்.

ஆக, சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்த்ரம், குறைந்த மின்சக்தியில் மிகுந்த உரப்பு ஆகிய மூன்று வரங்களில் எவையேனும் இரண்டைத்தான் இயற்கை நமக்கு அருளும். மூன்றாவதை அது மறுத்துவிடும். பியானோ மேதை யோசெப் ஹாஃப்மனின் புதல்வரும், அமெரிக்காவின் கே.எல்.எச். ஒலிபெருக்கி ஸ்தாபனத்தின் கூட்டாளிகளில் ஒருவருமான யோசெப் ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்று இத்துறையினர் வழங்குகின்றனர். பிரிட்டிஷ் ஒலிபெருக்கிகளின் சரித்திரம் முழுவதையுமே, இந்த விதியின் முன்னே வெவ்வேறு காலத்தவர் வெவ்வேறு வரத்தைத் துறக்க உடன்பட்ட கதை என்று சொல்லிவிடலாம்.

முதல் தலைமுறையினர் துறந்தது சிறுமையை. கில்பர்ட் பிரிக்ஸ் யார்க்ஷயரில் துணி வியாபாரத்தில் ஈடுபட்டிருந்தவர். பியானோவில் தீராத மோகமுடையவர். 1932-இல் இல்க்லி என்னும் ஊரில் தம் வீட்டு நிலவறையில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கி, ஊரை ஒட்டி ஓடும் வார்ஃப் நதியின் பள்ளத்தாக்குக்கு உள்ள பெயரையே தம் தொழிலுக்கும் சூட்டினார். பெட்டியின் பலகைகள் தாமே அதிர்ந்து பாடுவது நாதத்தைக் கெடுக்கின்றது என்று கண்ட அவர், இரண்டு ப்ளைவுட் பலகைகளுக்கு நடுவே மணலைக் கொட்டி நிரப்பிப் பார்த்தார். அறையின் மூலையில் செங்கல் அடுக்கி அதையே ஒலிபெருக்கிக்குக் கூடாக்கும் வழியையும் வாசகர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இன்றைக்கு இதைக் கேட்டு நகைக்கத் தோன்றலாம். ஆயினும் மணல் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் சக்தியை வெப்பமாக மாற்றிவிடுவதால், அந்த உபாயம் பௌதிக சாஸ்திரத்துக்கு முற்றும் உடன்பட்டதே. 1948-இல் அவர் ஒலிபெருக்கிகளைப் பற்றி வெளியிட்ட சிறுநூல் பல பதிப்புகள் கண்டது. தொழில் ரகசியத்தைப் பூட்டி வைப்பதைவிட அதை எழுதி விற்பது லாபகரமானது என்று அறிந்திருந்த வியாபாரி அவர்.

1954-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில், அடுத்த ஆண்டில் நியூயார்க்கின் கார்னிகி மண்டபத்தில், பிரிக்ஸ் ஒரு துணிகரமான காட்சியை நடத்தினார். மேடையில் வித்வான்கள் வாசிப்பார்கள். பிறகு அவ்வாசிப்பின் ஒலிப்பதிவு அவருடைய பெட்டிகளின் வழியே ஒலிக்கும். சபையோர் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய ஆம்பிளிஃபயர்களுக்குத் துணை நின்றவர் பீட்டர் வாக்கர். பின்னர் 1957-இல் கூம்பும் பெட்டியும் இல்லாமலே, மின்னேற்றிய மெல்லிய ஏட்டை அசைத்து ஒலி எழுப்பும் க்வாட் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொணர்ந்து, எல்லோருடைய பெட்டிகளையும் வெட்கப்படச் செய்தவர் அவர்தாம். மண்டபம் நிறையக் கூட்டம் கூடிற்று. விஞ்ஞானப் பரிசோதனை என்ற வகையில் அக்காட்சி பலவீனமானதென்றே சொல்ல வேண்டும், ஏனெனில் பெருமண்டபத்தின் எதிரொலி நல்லதையும் கெட்டதையும் ஒரே சாயத்தில் தோய்த்துவிடும். அன்றியும் டிக்கட் வாங்கி வந்தவர் வியக்கத் தயாராகவே வந்திருப்பார். ஆனாலும் அசலை அருகில் வைத்துக்கொண்டு நகலைக் கேள் என்ற அந்த முறை மாத்திரம் சரியானது. அதைப் பொதுமேடையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோய்ப் பல ஆண்டுகள் அலுக்காமல் அனுஷ்டித்தவர்கள் பி.பி.சி.யின் பொறியாளர்கள்.

லண்டனுக்குத் தெற்கே சரே மாவட்டத்தில் கிங்ஸ்வுட் வாரன் என்னும் பழைய மாளிகையில் அவர்களுடைய ஆராய்ச்சிப் பகுதி இயங்கி வந்தது. ஷார்ட்டர், ஹார்வுட், ஸ்பென்சர் ஹ்யூஸ் முதலியோர் அங்கே பணி புரிந்தனர். ஒலிபரப்பு நிலையத்துக்கு ஒலிபெருக்கி என்பது ரசிப்பதற்கான சாதனமன்று; மைக்ரஃபோன் வைத்த இடம் சரியா, வாத்தியங்களின் அளவு சரியா என்று தீர்மானிப்பதற்கான தராசு. தராசு இனிமையாக இருக்க வேண்டியதில்லை, பொய் சொல்லாமல் இருந்தால் போதும். அது பொய் சொல்கிறதா என்று அறிய அவர்கள் கையாண்ட பெரிய கருவி மனிதக் குரல். தங்களுக்கு நன்கு பழக்கமான ஒருவரை ஸ்டூடியோவில் பேசச் செய்து, பக்கத்து அறையில் ஒலிபெருக்கி வழியே அதைக் கேட்டு, எழுந்துபோய் நேரிலும் கேட்டு, மறுபடியும் வந்து உட்காருவார்கள். ஒரு வயலின் இப்படித்தான் ஒலித்திருக்க வேண்டும் என்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது, வயலினுக்கு வயலின் நாதம் வேறுபடும். ஆனால் கூடவே வேலை பார்ப்பவரின் குரலில் மூக்கொலி சிறிது ஏறினாலும், நெஞ்சொலி சிறிது தடித்தாலும், பாமரன் செவிகூட அதைப் பிடித்துவிடும்.

இந்தச் சோதனையில் முதலில் தோற்றது காகிதக் கூம்பு. காகிதம் ஈரத்துக்கு இளகும், ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் மாறும். ஆயிரம் பெட்டிகள் ஒன்றுபோல் ஒலிக்க வேண்டிய ஒரு ஸ்தாபனத்துக்கு அது ஒத்துவராது. ஆகவே பாலிஸ்டைரீன் இனத்தைச் சேர்ந்த பெக்ஸ்ட்ரீன் என்னும் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சிக் கூம்பாக வார்த்து, அதன் மேல் அதிர்வை அடக்கும் ஒரு பூச்சையும் தடவினார்கள். அது கனத்த கூம்பு. ஆகையால் உரப்புக் குறைந்தது. இரும்பு விதியின் மூன்றாவது வரத்தை அவர்கள் தெரிந்தே கைவிட்டார்கள்.

அடுத்தது பலகை. பெட்டி அதிரக் கூடாதென்றால் பலகையைத் தடிப்பாக்க வேண்டும் என்றே யாரும் நினைப்பார்கள். பிரிக்ஸும் அப்படித்தான் மணலுக்குப் போனார். ஹார்வுட் குழுவினர் நேர்மாறான வழியை ஆராய்ந்தனர். தடித்த, விறைத்த பலகையும் அதிரத்தான் செய்கிறது. ஆனால் அதன் அதிர்வு மனிதச் செவி மிகக் கூர்மையாக உள்ள நடுத்தர ஸ்வரங்களில் வந்து விழுந்து, மணியடித்தாற்போல நெடுநேரம் நீடிக்கிறது. மெல்லிய பர்ச் ப்ளைவுட்டைக் கொண்டு, உட்புறத்தில் தார் கலந்த கனத்த தகடுகளை ஒட்டிவிட்டாலோ, அதிர்வு செவி மந்தமாக உள்ள தாழ்ந்த ஸ்வரங்களுக்கு இறங்கி, பிறந்த வேகத்திலேயே மடிந்தும் போகின்றது. பெட்டி அதிர்வதைத் தடுக்க முடியாதென ஒப்புக்கொண்டு, அது அதிர வேண்டிய இடத்தையும் காலத்தையும் தாங்களே குறித்துக் கொடுத்ததில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருந்தது.

இவ்வளவு சம்பத்தும் ஒரு சிறு பெட்டியில் வந்து சேர்ந்தது தற்செயல். புதிதாகக் கட்டப்போகும் ஸ்டூடியோவின் ஒலிநயத்தை முன்கூட்டியே அறிவதற்காக, எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரி மண்டபம் அமைத்து, ஒலியின் அலைநீளத்தையும் எட்டில் ஒரு பங்காகக் குறைத்துச் சோதிக்கும் ஆராய்ச்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. அந்த மாதிரி மண்டபத்துக்காகச் செய்த சிறு ஒலிபெருக்கி, மண்டபத்துக்கு வெளியே எடுத்துக் கேட்டபோது எதிர்பாராத வகையில் நேர்மையாகப் பேசிற்று. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளில் பெரிய பெட்டியை வைக்க இடமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது வரப்பிரசாதமாயிற்று. அதைச் செப்பனிட்டு எல்.எஸ். 3/5 என்று பெயரிட்டனர். உறுப்புகள் மாறியதை ஒட்டி 1970-களின் நடுவில் மறுபடியும் திருத்தி அமைத்தபோது அது எல்.எஸ். 3/5ஏ ஆயிற்று. பி.பி.சி.யின் பரிபாஷையில் சாய்கோட்டுக்கு முன்னுள்ள எண் 3 ஆனால் வெளிப்புற ஒலிபரப்புக்கும், 5 ஆனால் ஸ்டூடியோவுக்கும் உரியது.

ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரம், 19 அகலம், 16 ஆழம். உள்ளே அடங்குவது சுமார் ஐந்து லிட்டர் காற்று. கூம்பும், உயர்ந்த ஸ்வரங்களுக்கான ட்வீட்டரும் கென்ட் மாவட்டத்தின் கே.இ.எஃப். ஸ்தாபனத்தார் செய்த பி110, டி27 என்பவை. அதிலே ஒவ்வோர் அம்சத்துக்கும் ஒரு காரணம் உண்டு. முன்பலகை பெட்டியின் விளிம்புக்குள் சிறிது புதைந்திருப்பதால், ட்வீட்டரின் ஒலி அவ்விளிம்பில் மோதிச் சிதறாதபடி அதைச் சுற்றித் தடித்த ஃபெல்ட் கம்பளிச் சட்டம். மூலைகளில் பீச் மரக் கட்டைகள். ஸ்வரங்களைப் பிரித்து இரு உறுப்புகளுக்கும் பங்கிடும் க்ராஸ்ஓவர், அவற்றின் குணக்குற்றங்களை அளந்து அவற்றுக்கு மாற்றாக வகுத்த பல சுருள்களையும் கண்டென்சர்களையும் கொண்டது. ஒலியை அளவெடுத்ததும் துணித்திரையைப் போட்ட நிலையிலேயே, ஆகவே அதைக் கழற்றிவிட்டுக் கேட்பவர் வேறோர் ஒலிபெருக்கியைக் கேட்கிறார்.

இது குறைகள் அற்ற சிருஷ்டி என்று எண்ணிவிடக் கூடாது. 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் ஒலி விரைந்து தேய்ந்துவிடுகின்றது; மிருதங்கத்தின் தொப்பியையும் ஆர்கனின் பெருங்குழாயையும் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. உரப்போ ஒரு வாட் அளவுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 83 டெசிபெல்தான். மேலும், 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு சிறு மேடு உண்டு. இல்லாத மந்த்ரம் இருப்பதாகச் செவி மயங்குவது அதனாலேதான். இத்தனை குறைகளோடும், ஒரு வண்டிக்குள் அமர்ந்து செய்தி வாசிப்பவரின் குரலையோ நாற்கருவி இசையையோ கவனிக்க வேண்டியவனுக்கு அது அளித்த தெளிவை அந்நாளில் அதன் பருமனுள்ள வேறொன்று அளிக்கவில்லை.

என் அபிப்பிராயத்தில் அதன் சிரஞ்சீவித் தன்மைக்குக் காரணம் இந்தத் தெளிவுகூட அன்று. ஹார்வுட்டும் அவருடைய சகாக்களும் 1976-இல் அதன் அமைப்பை விவரித்து ஓர் அறிக்கை எழுதி வெளியிட்டார்கள். பி.பி.சி. ஒலிபெருக்கி விற்கும் வியாபாரி அன்று; வேண்டியவருக்கு லைசன்ஸ் கொடுத்து, இந்த மரம், இந்தத் தடிப்பு, இந்தக் கூம்பு, இந்த அளவுக்குள் ஒலி என்று வரையறுத்து, செய்யும் பொறுப்பை ராஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஸ்பென்டார், ஹார்பெத் போன்ற சிறு ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்தது. ஆகவே இது ஒரு வியாபாரியின் கைராசியாக இராமல், எவரும் படித்துச் செய்யக்கூடிய ஒரு சூத்திரமாக அமைந்தது. ஒரு கம்பெனி மூடினாலும் மற்றொன்று அதே சூத்திரத்தை எடுத்துக்கொண்டது. அந்தப் பொறியாளர்களும் அப்படியே பிரிந்து பரவினார்கள்: ஸ்பென்சர் ஹ்யூஸ் தம் பெயரையும் மனைவி டாரதியின் பெயரையும் இணைத்து 1969-இல் ஸ்பென்டாரைத் தொடங்கினார், ஹார்வுட் ஓய்வு பெற்றதும் தம் பெயரோடு மனைவி எலிசபெத்தின் பெயரைச் சேர்த்து 1977-இல் ஹார்பெத்தை நிறுவி, பெக்ஸ்ட்ரீனுக்குப் பதிலாகப் பாலிப்ரொப்பிலீன் கூம்பைப் புகுத்தினார். பெயர் சூட்டுவதில் இருவருக்கும் கற்பனை ஒரே திசையில்தான் ஓடியிருக்கிறது.

சூத்திரம் எழுத்தில் இருந்தாலும் பொருள் உலகில் இருக்க வேண்டுமே! பெக்ஸ்ட்ரீன் கூம்பின் தயாரிப்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தடம் மாறிற்று. பி110-க்கு வகுத்த க்ராஸ்ஓவர் மாறிய கூம்புக்குப் பொருந்தாமல் போயிற்று. 1980-களின் இறுதியில் க்ராஸ்ஓவரையே திருத்தி, 15 ஓமாக இருந்த பெட்டியின் மின்தடையை 11 ஓமாக மாற்ற வேண்டி நேர்ந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் கே.இ.எஃப். அவ்வுறுப்புகளைச் செய்வதையே நிறுத்திக்கொண்டபோது எல்.எஸ். 3/5ஏ-யின் முதற்பிறவி முடிந்தது.

அதற்குள் பிரிட்டிஷ் ஒலிபெருக்கித் தொழிலின் கோலமே மாறிப்போயிருந்தது. பிரிக்ஸ் 1958-லேயே வார்ஃபிடேலை ராங்க் ஸ்தாபனத்துக்கு விற்றிருந்தார். கே.இ.எஃப். 1992-இல் ஹாங்காங்கின் கோல்ட் பீக் கையில் சேர்ந்தது. வார்ஃபிடேல், க்வாட் இரண்டையும் வைத்திருந்த வெரிட்டி என்னும் தொகுதியின் கதை தனி ரசமுடையது. ஹெலிகாப்டருக்குள் இரைச்சலைக் குறைக்க முயன்ற பிரிட்டிஷ் ராணுவ ஆராய்ச்சியாளர்கள், ஒரு தட்டையான பலகையைக் குறிப்பிட்ட விதத்தில் அதிரவிட்டால் அது இரைச்சலைக் குறைப்பதற்குப் பதிலாக நன்றாக ஒலி பரப்புகின்றது என்று கண்டறிந்தனர். இனி உலகத்துச் சுவர்களில் தொங்கும் படங்களே பாடப்போகின்றன, பெட்டிக்கு வேலை இராது என்று நம்பிய வெரிட்டி, 1990-களின் பிற்பகுதியில் பெட்டி செய்யும் ஸ்தாபனங்களை விற்றுவிட்டு, என்.எக்ஸ்.டி. என்ற புதுப்பெயருடன் அந்தப் பலகையின் பின்னே போயிற்று. பலகையின் விஞ்ஞானம் மெய்யானதே. ஆனாலும் வீடுகளில் அது பெட்டியை விரட்டவில்லை. வெரிட்டி கைகழுவிய பெயர்களை வாங்கிக்கொண்டவர்கள் பெர்னார்ட் சாங், மைக்கேல் சாங் என்னும் இரட்டைச் சகோதரர்கள், அவர்களுடைய ஐ.ஏ.ஜி. ஸ்தாபனம் சீனத்தில் தானே கூம்பு முதல் வெனீர் வரை அனைத்தையும் செய்யும் பெருந்தொழிற்சாலையை நடத்துகின்றது. மிஷன், காசில், லீக் முதலிய பெயர்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தன. இன்றைய புத்துயிர்ப்பில் பெரும்பங்கு இந்தச் சீனத் தொழிற்சாலைக்கு உரியதென்பதைச் சொல்லாமல் இங்கிலாந்தின் பாரம்பரியம் என்று மாத்திரம் பேசுவது பாதி உண்மையாகும்.

இனி, திரும்பி வந்தவற்றைப் பார்ப்போம். ஒரே எல்.எஸ். 3/5ஏ-க்கு இரண்டு விதமான வாரிசுகள் தோன்றின. தன் 50-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டிக் கே.இ.எஃப். 2012-இல் வெளியிட்ட எல்.எஸ். 50, முன்னோரின் நோக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உருவத்தை விட்டுவிட்டது. ட்வீட்டர் கூம்பின் நடுவிலேயே அமர்கின்றது. முன்முகம் வளைந்து விளிம்புச் சிதறலைத் தவிர்க்கின்றது. ஃபெல்ட் சட்டத்துக்கு வேலையே இல்லை. ஹார்வுட் 1976-இல் கணினியும் புதிய பொருள்களும் கையிலிருந்தால் எதைச் செய்திருப்பாரோ அதைச் செய்ததாக அந்த ஸ்தாபனம் கருதிக்கொள்ளலாம்.

மற்றொரு வாரிசு ஃபால்கன் அகௌஸ்டிக்ஸ். அதை 1972-இல் நிறுவிய மால்கம் ஜோன்ஸ் கே.இ.எஃப்.பின் ஆதிப் பணியாளர். பி110, டி27 இரண்டையும் வகுத்தவர். உறுப்புகள் மறைந்துபோனதால் எல்.எஸ். 3/5ஏ மறைந்தது என்றால், அவ்வுறுப்புகளையே பெக்ஸ்ட்ரீனிலிருந்து தொடங்கி மறுபடியும் செய்வது என்று ஃபால்கன் துணிந்து, பி.பி.சி. லைசன்ஸோடு 2010-களின் நடுவில் 15 ஓம் பெட்டியை அப்படியே வெளியிட்டது. 100 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அந்தச் சிறு மேடும் கூடவே வந்தது. வராவிட்டால் லைசன்ஸ் கிடைத்திராது. குற்றமே இலக்கணமாகிவிட்ட விநோதத்தை இங்கே காண்கிறோம். டெவன் மாவட்டத்தில் கிரஹாம் ஆடியோ ஸ்தாபனத்துக்காக ஸ்பென்சர் ஹ்யூஸின் புதல்வர் டெரக் ஹ்யூஸ் பெரிய ஸ்டூடியோப் பெட்டியான எல்.எஸ். 5/9-ஐ மீட்டெடுத்தபோது அவருடைய சங்கடம் வேறு: பழைய கூம்பு கிடைக்கவில்லை, ஆகவே புதுக் கூம்பைக் கொண்டு பழைய அளவுகளை எட்டும்படி க்ராஸ்ஓவரைத் திருத்தினார். ஒருவர் பொருளைக் காத்தார், மற்றவர் அளவைக் காத்தார். என்னைக் கேட்டால் இரண்டாவதே பி.பி.சி.யின் மரபுக்கு நெருங்கியது. அவர்கள் எந்தப் பொருளின் மீதும் பக்தி வைத்தவர்களல்லர், காகிதத்தைக் கைவிட்ட லாகவத்திலேயே பெக்ஸ்ட்ரீனையும் கைவிட்டார்கள்.

லின்டன் இந்த இரண்டு வகையிலும் சேராது. அதன் பெட்டி பழையது. உள்ளே இருப்பது 20 சென்டிமீட்டர் கெவ்லார் கூம்பும், நடுஸ்தாயிக்கென்று தனிக் கூம்பும், ட்வீட்டரும். 1965-இன் லின்டனில் கெவ்லார் கூம்பு இல்லை. அப்படியானால் இது வெறும் வேஷந்தானா என்றால், அல்லவென்றே சொல்வேன்; காரணம் அகலம். 1980-களிலிருந்து ஒலிபெருக்கிகள் இளைத்துக்கொண்டே வந்தன. வரவேற்பறையில் இடத்தை அடைக்காத ஒடுங்கிய தூண்களே நாகரிகமாயின. ஒடுங்கிய முகத்தில் உயர்ந்த ஸ்வரங்களின் விளிம்புச் சிதறல் குறைவென்ற நியாயமும் அதற்குத் துணை வந்தது. ஆனால் அலைநீளம் முன்முகத்தின் அகலத்தைவிட வெகுவாகப் பெரிதாகும்போது ஒலி முன்னோக்கிச் செல்லாமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவிவிடுகின்றது. 1000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 34 சென்டிமீட்டர், 200 ஹெர்ட்ஸினுடையது 1.7 மீட்டர், ஆகவே முகம் ஒடுங்க ஒடுங்க, ஆண்குரலும் செல்லோவும் வாழும் பகுதி மெலிகின்றது. அதை ஈடுகட்ட க்ராஸ்ஓவரில் மேற்பகுதியைக் குறைக்க வேண்டும், குறைத்தால் உரப்புப் போய்விடும். 30 சென்டிமீட்டர் அகன்ற முகம் இந்தச் சரிவைக் கீழே தள்ளிப்போடுகின்றது. அப்படிப்பட்ட முகத்தின் பின்னே இயல்பாகவே நிறையக் காற்றும் அடங்குகின்றது. லின்டனின் வெளிப்பருமன் சுமார் 56 லிட்டர். உரப்பு 90 டெசிபெல். எல்.எஸ். 3/5ஏ-யைவிட 7 டெசிபெல் மிகுதி என்றால், அதே ஒலிக்கு ஐந்தில் ஒரு பங்கு மின்சக்தி போதும் என்று பொருள். மந்த்ரமும் 40 ஹெர்ட்ஸுக்கு அருகே இறங்குகின்றது. இரும்பு விதியில் சிறுமையைத் துறந்து மற்ற இரண்டையும் பெறுதல் என்ற பிரிக்ஸ் காலத்துப் பேரத்தையே இது திரும்பச் செய்கின்றது.

இதே பேரத்தைத்தான் ஸ்காட்லாந்தின் கோட்பிரிட்ஜில் டானாய் ஸ்தாபனமும் செய்தது. 1976-இல் ஆர்டென், பெர்க்லி, செவியட், டெவன், ஈட்டன் என்று ஆங்கில அகர வரிசையில் பெயரிட்ட ஐந்து பெட்டிகளில் மூன்றை 2017-இல் அது மறுபடியும் வெளியிட்டது. ஆர்டெனின் கூம்பு 38 சென்டிமீட்டர். மிஷன் 770 என்னும் 1978-ஆம் ஆண்டுப் பெட்டியை 2022-இல் மீட்டபோது, சீனத்தில் வசதி இருந்தும், பெட்டிகளைக் கோப்பதற்கு இங்கிலாந்தின் ஹன்டிங்டனையே ஐ.ஏ.ஜி. தேர்ந்தெடுத்தது. அதற்குப் பௌதிகத்தில் காரணம் தேட வேண்டியதில்லை.

அசலை அப்படியே மீட்டவர்களை மாத்திரம் ஒரு தொல்லை விடாமல் தொடர்கின்றது. 15 ஓம் என்பது வால்வு ஆம்பிளிஃபயர்களின் காலத்து வழக்கம். அவற்றின் வெளியீட்டு டிரான்ஸ்பார்மரில் 15 அல்லது 16 ஓமுக்கென்று தனி இணைப்பு இருக்கும். அதில் மாட்டினால் சக்தி முழுவதும் கிடைக்கும். இக்கால டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர் 8 ஓமுக்கு என்ன வாட் சொல்கின்றதோ அதில் ஏறத்தாழப் பாதியையே 15 ஓமுக்குத் தரும். ஏற்கெனவே உரப்பில் சோனியான பெட்டிக்கு இது மற்றோர் இழப்பு. ஆகவே ஃபால்கனை வாங்கியவர் சிலர் அடுத்தபடியாக வால்வு ஆம்பிளிஃபயர் தேடிப் புறப்படுகின்றனர். 2020-இல் லீக் என்னும் பழம்பெயரோடு மீண்டும் கடைக்கு வந்த ஸ்டீரியோ 130 ஆம்பிளிஃபயரின் வால்நட் பெட்டியைக் கண்டு அவர்கள் ஆவலோடு நெருங்கக்கூடும். அதுவோ 1963-ஆம் ஆண்டின் ஸ்டீரியோ 30-ஐ முன்மாதிரியாகக் கொண்டது, அந்த முன்மாதிரியே அந்நாளில் வால்வைத் துறந்து டிரான்சிஸ்டருக்கு மாறிய கருவி.